அடைப்பா, நடிப்பா?

“உங்க மனைவிக்கு நெஞ்சுல அடைப்பு எதுவும் இல்ல சார். சுத்த நடிப்பு!” என்றார் டாக்டர்.

சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த கணவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அடைப்பு இல்லைன்னா வலியும் பொய்யா டாக்டர்? விடியக்காலைல பாறாங்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி நெஞ்சை அமுக்கும். கொஞ்ச நேரத்துல விட்டுடும். அப்புறம் எந்த டெஸ்ட்லயும் சிக்காது. அனுபவிச்சாத்தான் தெரியும்!”

“அவங்களுக்கு வலி வந்தது சாயங்காலம். விடியக்காலைல அனுபவிச்சது யாரு சார்?”

கணவர் மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி எழுந்து உட்கார்ந்தாள். “நான் சொன்னேனே டாக்டர், இவர்தான். ஆறு மாசம் முன்னாடி இவருக்கு அடைப்பு இல்லைன்னு ரிப்போர்ட் வந்ததும், லீவுக்காக நடிக்கிறார்னு ஆபீஸ்ல கேலி பண்ணிட்டாங்க. அதுலேர்ந்து வலியை மூடி மறைக்கிறார். கூப்பிட்டா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அதான் நான் நெஞ்சைப் பிடிச்சேன்.”

டாக்டர் சிரித்தார். “உங்களுக்கு அடைப்பும் இல்ல, நடிப்பும் இல்ல சார். பிடிப்பா இருக்கலாம். கெண்டைக்கால் இழுத்துக்கிற மாதிரி, இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் திடீர்னு இறுகிக்கும். கவனிக்காம விட்டா ஹார்ட் அட்டாக்கே வரலாம். ஆனா மாத்திரைக்கு நல்லாக் கேக்கும். அதுக்குன்னே தனி டெஸ்ட் இருக்கு, பண்ணிடுவோம். சிகரெட்டை மட்டும் இன்னிக்கே விடணும்.”

கணவர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை மனைவியிடம் நீட்டினார். “இந்தா, சிறந்த நடிகைக்குப் பரிசு!”

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “பரிசு உங்களுக்குத்தான் சேரணும். நான் வலிக்குதுன்னு ஒருநாள்தான் நடிச்சேன். நீங்க வலிக்கலைன்னு ஆறு மாசமா நடிக்கிறீங்களே!”