அலமாரிச் சாவி

"அவர் வண்டியை நிறுத்திட்டு வரட்டும், நீங்க சொல்லுங்க டாக்டர்," என்றாள். அதுவரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வயித்து வலிக்குத்தான் ஸ்கேன் எடுத்தோம். வலி வெறும் வாயு. ஆனா சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பியில ஒரு சின்னக் கட்டி தெரிஞ்சுது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க, புற்றுநோய் இல்ல. ஆனா அது ஒரு ஹார்மோனை அளவுக்கு மேல சுரக்குது. வாயைக் கட்டியும் சர்க்கரை, பிரஷர், எடை எதுவும் இறங்காததுக்கு அதுதான் காரணமா இருக்கணும். சரிபண்ணிடலாம்."

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அதான் சரிபண்ணிடலாம்னு சொல்றேனே!"

"அதுக்கில்ல டாக்டர். ரெண்டு வருஷமா வீட்ல இதே சண்டை. திருட்டுத்தனமா தின்னாம சர்க்கரை எப்படி ஏறும்னு குத்திக் குத்திப் பேச்சு. பிஸ்கட் வெச்ச அலமாரிக்குப் பூட்டு. வெளிய போயிட்டு வந்தா வாயை ஊதச் சொல்லி மோந்து வேற பாக்கிறது..."

டாக்டருக்கே சங்கடமாகிவிட்டது. "உங்க வீட்டுக்காரர் வரட்டும், நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

கதவைத் திறந்த கணவர் திகைத்து நின்றார்.

"வாங்க சார். ஸ்கேன் உங்களுது, அழுகை இவங்களுது," என்ற டாக்டர் விஷயத்தை விளக்கினார்.

அவள் தலை நிமிராமல், கைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அவர் அதை விரல்களால் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொல்லிச் சொல்லி, ராத்திரி தூக்கத்துல இந்தச் சாவியை எடுத்து அலமாரியைத் திறக்கிறேனோன்னு நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன்மா."