வேகத்தைக் குறைத்தது யார்?

"யாரோ என் கம்ப்யூட்டர்ல கை வைக்கிறாங்க."

அவள் இப்படிச் சொன்னதும் பக்கத்து சீட் பெண் டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"யாரு அக்கா வைக்கப்போறாங்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அது பஸ் கம்பெனியில் தொலைந்த பொருள் பிரிவு. குடையை விட்டவர், பையை விட்டவர், ஒற்றைச் செருப்பை விட்டவர் என்று எல்லோரும் போன் செய்வது அவளுக்குத்தான். அவளுக்குக் கண் தெரியாது. ஒரு காதில் போன். இன்னொரு காதில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர். பதினோரு வருஷமாக அப்படியே ஓட்டிவிட்டாள்.

பத்து நாளைக்கு முன் ஆபீஸ் முழுக்கப் புது ரகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஸ்கிரீன் ரீடரும் வேறு. பழையதில் ஒரு விரலில் முடிந்த காரியத்துக்கு இதில் மூன்று விரல் வேண்டும். புதுக் குரலுக்கு அவள் மருமகள் என்று பெயர் வைத்தாள். எந்தச் சாமானைக் கேட்டாலும் வீடு முழுக்கத் தேடுகிறதே!

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை டெஸ்ட். ஒரு மணி நேரத்துல பத்து போனை எடுத்துப் பதிவு பண்ணணும். முடியலைன்னா உங்களைக் கிடங்குக்கு மாத்திடுவேன்."

கிடங்கு என்றால் வந்து குவியும் குடைகளை மடித்து அடுக்குகிற வேலை. நாள் முழுக்கப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

முட்டி மோதி மருமகளை வழிக்குக் கொண்டுவந்தாள். குரலைப் பழையபடி படுவேகத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்தவர் கேட்டால் வண்டு ரீங்காரம்தான். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். அந்த வேகம் இருந்தால்தான் ஒரு மணி நேரத்தில் பத்து.

ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் குரல் ஆமையாக ஊர்ந்தது. ஒருநாள் என்றால் மெஷின் கோளாறு எனலாம். தொடர்ந்து நாலு நாள்!

சந்தேகம் நேராகப் பக்கத்து சீட் மேல் போய் உட்கார்ந்தது. "என் தங்கச்சி படிச்சிட்டுச் சும்மா இருக்காக்கா. இங்கே சீட் ஏதாவது காலியானா சொல்லுங்க" என்று போன மாதம்தான் கேட்டிருந்தாள்.

புதன்கிழமை அந்தப் பெண்ணிடம் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "என் சீட்டைக் காலி பண்ண இப்படி ஒரு குறுக்கு வழியா?"

"அக்கா! என் பிள்ளை மேல சத்தியமா நான் தொடலை." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது.

நல்லாத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மேனேஜரிடம் போகலாம் என்றால் அவர் அதற்கு மேல். ஒரு கடிதத்தைத் தானாகப் படிக்க மாட்டார். "நீங்க படிங்க, கேக்கிறேன்" என்று ஆளை நிற்கவைத்துப் படிக்கச் சொல்வார். அவ்வளவு திமிர். போன வாரம் குப்பைக்கூடையில் இடறிவிட்டு, "யார் இதை நடுவழியில வெச்சது?" என்று பெருக்குகிற அம்மாவைக் காய்ச்சி எடுத்தார். கூடை பதினோரு வருஷமாக அதே மூலையில்தான் இருக்கிறது. அது அவளுக்கே தெரியும்.

வியாழக்கிழமை பொறி வைத்தாள். இயர்போன் ஒயரைப் பிடுங்கி, செருகினது போல் ஒட்டி வைத்தாள். இனி யார் தொட்டாலும் குரல் ஸ்பீக்கரில் கத்தும்.

சாப்பிடப் போகிற மாதிரி எழுந்து, பீரோவுக்குப் பின்னால் நின்றாள். மற்றவர்கள் கலைந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம். அவளுடைய நாற்காலி கிறீச்சிட்டது.

முதலில் வண்டு ரீங்காரம் அறை முழுக்கக் கேட்டது. யாரோ பதறிப்போய் விசையைத் தட்டினார்கள். குரல் நிதானத்துக்கு வந்து, "பாடம் ஒன்று. அம்புக்குறி விசையை அழுத்தவும்" என்று முழங்கியது.

"மாட்டினியா!" பாய்ந்து வந்து தோளைப் பிடித்தாள்.

அது பக்கத்து சீட் பெண்ணின் தோள் இல்லை. கனத்த ஆம்பளைத் தோள்.

"சத்தம் போடாதீங்கம்மா." மேனேஜர் குரல்!

கையை எடுத்துக்கொண்டாள். "சார், நீங்களா என் வேகத்தைக் குறைச்சீங்க?"

"உங்க வேகத்துல எனக்கு ஒண்ணுமே புரியலை. குறைக்கக் கத்துக்கிட்டேன். திரும்பக் கூட்டுறது அடுத்த பாடத்துல வருது போல. நான் இன்னும் முதல் பாடத்தையே தாண்டலை. இந்த ஆபீஸ்ல உங்க மெஷின்லதானே இது இருக்கு?"

"கண்ணு தெரியிற ஆளுக்கு இது எதுக்கு சார்?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கண்ணுக்கு இன்னும் ஆறு மாசம்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. இப்பவே எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது. வீட்டுலகூட இன்னும் சொல்லலை."

நீங்க படிங்க, கேக்கிறேன். நடுவழிக் குப்பைக்கூடை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவளுக்கு விளங்கியது. பக்கத்து சீட் பெண்ணிடம் இனி என்ன முகத்தோடு பேசுவது என்று கூசியது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"அப்புறம் எனக்கு எதுக்கு சார் டெஸ்ட்? கிடங்கு கிடங்குன்னு எதுக்கு மிரட்டினீங்க?"

"உங்களால ரெண்டு வாரத்துல முடிஞ்சா என்னாலயும் முடியும்னு ஒரு தைரியம் வரும். அதுக்குத்தான்."

"என்னால முடியாம போயிருந்தா? அங்கே நான் குடை மடிக்கணும். அப்படித்தானே?"

மேனேஜர் மெதுவாகச் சொன்னார்.

"உங்க பக்கத்துல உட்கார்ந்து நானும் மடிச்சிருப்பேம்மா."