ஒன்பது பேர், ஒரு வரி

நூலகத்து வாசகர் வட்டத்தில் தெய்வானை துப்பறியும் நாவல்களைப் பற்றி மட்டுமே பேசுவாள். "கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு, போங்க" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். இந்த முறை அவளிடம் ஊர் வரலாற்று நூலைக் கொடுத்திருந்தார்கள். அதை எழுதிய பேராசிரியர் சபாபதியே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவள் புத்தகத்தோடு எழுந்தாள்.

"மட்டமான நாவல்லகூட ஒரு பொணம் விழுந்தா, கொன்னவனைக் கண்டுபிடிக்காம கதையை முடிக்க மாட்டாங்க. இதுல ஆலை வாசல்ல ஒன்பது பேரு செத்திருக்காங்க. 'துப்பாக்கிச் சூட்டில் உயிரிழக்க நேரிட்டது'ன்னு ஒரே வரி. துப்பாக்கி தானா வெடிச்சுதுங்களா?"

"வரலாறு வேறம்மா. அதுல யாரையும் கூண்டுல ஏத்த முடியாது" என்றார் சபாபதி.

"செத்ததுல ஒருத்தரு எங்கப்பா."

சபாபதியின் முகம் இளகியது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். "எனக்குத் தெரியாம போச்சும்மா. அடுத்த பதிப்புல சேர்த்துடறேன். அப்பா பேரு என்ன?"

தெய்வானை அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எங்கப்பா பேரு எனக்குத் தெரியும். சுடச் சொன்னவன் பேரை எழுதுங்க."

சபாபதி பேனாவை மூடினார்.