ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி

"இந்த விலைக்கு அஞ்சு குண்டு பிஸ்டலே தரேன், லொரெய்ன்" என்றார் நெவில். ஆஸ்திரேலியாவில் டப்போ நகருக்கு மேற்கே அவருடையது ஒன்றுதான் துப்பாக்கிக் கடை.

"அது என் வீட்டுக்காரர் கீத்துகிட்டயே இருக்கு. குறி பார்த்துச் சுடுற ஒத்தைக் குண்டு பிஸ்டல்தான் வேணும். மலிவா குடு. பர்மிட்டோட நாளைக்கு அவரே வந்து எடுத்துக்குவார்."

நெவில் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்டலைக் கொண்டுவந்தார். "பாதி விலைதான். ஆனா கொஞ்சம் இறுக்கம். ஒவ்வொரு குண்டுக்கும் மெதுவாத் திறந்து, போட்டு, மூடணும்."

"அட, இதைத்தானே தேடிட்டிருந்தேன்!"

"கீத் குடுத்துவெச்சவர். அவர் குறி தப்பக்கூடாதுன்னு உங்களுக்கு எவ்வளவு அக்கறை!"

"குறி கிடக்குது, போ! சனிக்கிழமை கிளப்புல படபடன்னு சுட்டு முடிச்சுட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுல வந்து நிக்கிறார். இதை வெச்சு சுட்டா பொழுது சாஞ்சுதான் வருவார். அதுவரைக்கும் வீடு என் ராஜ்ஜியம்!"

நெவில் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"கிறிஸ்துமஸுக்கு என் பொண்டாட்டி ஷெரில் எனக்குத் தூண்டில் வாங்கிக் குடுத்தா... நம்ம ஆத்துல மீன் கிடைக்குதா, லொரெய்ன்?"

"அந்த ஆத்துலயா? மீனா?" லொரெய்ன் கைப்பையை மூடினாள். "இந்த யோசனையை எனக்குச் சொன்னதே ஷெரில்தானே!"