முப்பது மடங்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அந்தப் பண்ணை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்ததுமே, நகரத்திலிருந்து வந்த சோலார் கம்பெனிக்காரன் கெண்டலுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே எட்டு அறுவடை மெஷின்கள் மக்காச்சோளத்தை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. இவ்வளவு பெரிய விவசாயியா சோலாருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடப் போகிறார்?

ஆனாலும் வந்த வேலையை ஆரம்பித்தான்.

"மேடம், ஒரு ஏக்கர் சோளத்துல எடுக்கற எத்தனால்ல கார் எவ்வளவு தூரம் ஓடுமோ, அதே ஏக்கர்ல சோலார் வச்சா அதைப்போல முப்பது மடங்கு ஓடும்!"

வீட்டுக்காரி மார்லிஸ் காபியை அவன் பக்கம் நகர்த்தினாள். "வர்ற கரண்டை எங்க சேத்து வைப்பீங்க?"

"இங்க எதையும் சேத்து வைக்க மாட்டோம். கம்பி வழியா நேரா போயிடும்."

"அப்போ சோளம் கொட்டி வைக்கற இந்த இரும்புக் குதிரெல்லாம்?"

"தேவையே இல்ல. பிரிச்சுடலாம்."

"சரி, எங்க கையெழுத்துப் போடணும்?"

கெண்டல் திகைத்தான். "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க மேடம். எந்த மெஷின்ல இருக்கார்?"

"எதுலயும் இல்ல, தம்பி. அதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரங்க மெஷின். சாவு விழுந்த வீட்டுக்கு இங்க ஊரே வந்து அறுத்துக் குடுக்கும்."

கெண்டல் காபியைத் தொடவில்லை.

"எத்தனால் ஆலைக்கு லோடு ஏத்தறப்போ, குதிருக்குள்ள சோளம் கட்டிப்பட்டு நின்னுடுச்சு. உடைச்சு விட மகன் இறங்கினான். சோளம் புதைமணல் மாதிரி அவனை அப்படியே உள்ள இழுத்துடுச்சு. அவனைத் தூக்க எங்க வீட்டுக்காரர் குதிச்சார். ரெண்டு பேரும் மேல வரல."

அவள் பேனாவை எடுத்தாள்.

"முப்பது மடங்கெல்லாம் எனக்கு எதுக்கு? வெயிலுக்குள்ள யாரும் மூழ்க மாட்டாங்கல்ல, தம்பி?"