விலை குறையும்

"வாங்காதேயும் சாமி. இன்னைக்கு வாங்கினா நீரு ஒழிஞ்சீரு."

எண்ணெய்க்கடை பகவதிப்பெருமாள் இப்படிச் சொன்னதும் சுந்தரராமன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். திருவனந்தபுரம் சாலை பஜாரில் 'என் சரக்கை வாங்காதே' என்று இதுவரை எந்த வியாபாரியும் சொன்னதில்லை. சொல்கிறான் என்றால் ஏதோ சூது இருக்கிறது.

சுந்தரராமனுக்குக் கரமனையில் சிப்ஸ் கடை. ஓணத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. தேங்காயெண்ணெய் விலையோ கைவைக்க முடியாமல் ஏறி நிற்கிறது. இன்றைக்கு வாங்கிப் போட்டு நாளைக்கு இறங்கினால் அவர் காலி. வாங்காமல் இருந்து இன்னும் ஏறினாலும் காலி. மனைவி விஜயலக்ஷ்மியின் வளையல்களை அடகு வைத்த பணம் கக்கத்துப் பையில் இருந்தது.

"ஏன் ஓய் வாங்கப்படாது?"

"விலை இறங்கும். கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்காள்லா என் மருமவ, அவ பாத்துச் சொன்னா. கொப்பரை லோடு லோடா வந்துக்கிட்டிருக்கு. சர்க்காரும் ஓணத்துக்குச் சகாய விலைல எண்ணெ இறக்கப் போவுது. ஒரு வாரம் பொறும்."

"கல்யாணத்துக்கும் கூப்பிடலை, மூஞ்சியையும் காட்டலை. அந்த மருமகள் பேச்சை நம்பி நான் வாணலியைக் கவுத்து வெச்சுக்கணுமாக்கும்?"

"நம்பாட்டிப் போரும்."

"மந்திரியும் நேத்திக்கு டி.வி.ல இதையேதான் சொன்னார். தட்டுப்பாடு இல்லை, யாரும் பயப்பட வேண்டாம்னு."

"பெறவென்ன?"

"அதனாலதானே ஓய் பயமா இருக்கு!"

அதுவும் நியாயம்தான். மந்திரி வாய் திறக்கும்வரை கரமனையில் ஒருத்தரும் பயப்படவில்லை. பயப்படாதே என்று அவர் சொன்ன மறுநாள் விடியும்போது, பாதிப் பேர் கையில் கேனோடு கடை வாசலில் நின்றார்கள்.

சுந்தரராமன் பின்பக்கக் கிடங்கை எட்டிப் பார்த்தார். பூட்டியிருந்தது. உள்ளே அறுபது டின் இருப்பது அவருக்குத் தெரியும். ஓணத்துக்கு முந்தின நாள் இரட்டை விலைக்கு விற்கத்தான் இந்த ஆள் இப்படி விரட்டுகிறான் என்று தோன்றியது.

அப்போது ஒரு பெண் கடைக்குள் வந்தாள். கழுத்தில் பட்டையில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது. கையில் பெரிய சைஸ் போன். அந்தக் கடை வாசலில் ஆடுகிற கல் ஒன்று உண்டு. இருபது வருஷமாக வந்துபோகும் சுந்தரராமனே இன்றைக்கும் அதில் தடுக்கித்தான் உள்ளே வந்தார். அவள் அதை அலட்சியமாகத் தாண்டி வந்து நின்றாள்.

"சார், ஒரு சர்வே. ரெண்டு நிமிஷம் போதும். ஓணத்துக்குள்ள வெளிச்செண்ணெ, அதான் தேங்காயெண்ணெ, விலை கூடுமா, குறையுமா?"

"குறையும். எழுதிட்டுப் போ."

"மத்த கடையிலயெல்லாம் கேட்டாச்சு. குறையும்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான் சார். ஸ்டாக் எத்தனை டின் இருக்கு?"

பகவதிப்பெருமாள் துள்ளி எழுந்தார். "அது எதுக்குட்டி ஒனக்கு? எறங்கு கடைய விட்டு!"

சர்க்கார் ஆள்தான் என்று தீர்மானித்த சுந்தரராமன் அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "மோளே, சர்க்கார் எதுக்காக இதைக் கேக்கறது?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அதைச் சொல்லப் பாடில்ல சார். வேலை போயிரும்."

அவ்வளவுதான். அவள் தெருவில் இறங்குவதற்குள் சுந்தரராமன் பையைத் திறந்துவிட்டார்.

"அறுபது டின்னையும் ஏத்தும் ஓய்."

"சாமி, நான் சொல்லுகதக் கேளும். விலை இறங்கும்."

"டின்னுக்கு அம்பது ரூபா கூடத் தரேன்."

"பெறவு என்னைக் குத்தம் சொல்லப்படாது."

"உம்ம உபதேசம் வேண்டாம் ஓய், சாவியை எடும்!"

டின்களை ஏற்றிக்கொண்டு போன வண்டியில் சுந்தரராமன் சும்மா போகவில்லை. சர்க்கார் சர்வே எடுக்கிற விஷயத்தைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

நாலு மணிக்குப் பகவதிப்பெருமாளிடம் பக்கத்துக் கடை உமாசங்கர் ஓடி வந்தான். "அண்ணாச்சி, விஷயம் அறிஞ்சீங்களா? சர்க்கார் ஆளு வந்து சரக்கு எவ்வளவு இருக்குன்னு எழுதிட்டுப் போச்சாம். டின்னுக்கு இருநூறு ஏறியாச்சு!"

பகவதிப்பெருமாள் துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஐந்து மணிக்கு ஆரியசாலையிலிருந்து ஒருத்தன் வந்து அதையே சொன்னான். அவன் கணக்கில் முன்னூறு ஏறியிருந்தது. அதற்கும் சிரித்தார். ஐந்தரைக்கு எதிர்க்கடையில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆறு மணிக்கு அவருடைய சிரிப்பு நின்றது. காலியான கிடங்கைப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து தெருவைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். மருமகள் ஸ்ரீலட்சுமி எடுத்தாள்.

"மக்ளே, நம்ம தலையில மண்ணு! இருந்ததை எல்லாம் வித்துட்டேன். என்ன விலையானாலும் சரி, எங்கயாவது ஒரு நாப்பது டின் பிடி. எண்ணெ ஏறப்போவுது. சர்க்காரே சர்வே எடுத்துட்டுப் போயிருக்கு!"

"மாமா, என்ன பேசுதீங்க? கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்து அந்த சர்வே எடுத்தது நான்தானே!"

"அது எனக்குத் தெரியாதா மக்ளே? ஆனா இத்தனை பேரு சொல்லுகான்னா அதுல ஏதோ இருக்கும்லா!"