பாதரச வண்டி

"ஊர்ல வேற இடமே கிடைக்கலையாய்யா உனக்கு? இங்கேயா வண்டி வந்து நிக்கும்?"

அதிகாரி கத்தியதில் ஆலை வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தான்.

"நான் என்ன சார் பண்ண? வண்டி படுத்துடுச்சு" என்றார் டிரைவர், பானெட்டுக்குள் தலையை விட்டபடி.

காற்றில் பாதரசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கும் வண்டி அது. எதிரே, பழைய ட்யூப்லைட்டுகளை உடைத்து உருக்கும் ஆலை. சாலைக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அங்கே பென்சில் பிடித்தால் கை நடுங்குகிற பிள்ளைகள் பதினொரு பேர்.

ஆறு முறை வந்து அளந்தாயிற்று. ஆறு முறையும் காற்று கழுவிவிட்ட மாதிரி சுத்தம். வண்டியைக் கண்டதும் உலையை அணைத்துவிடுவார்கள், போனதும் மூட்டுவார்கள். இன்றாவது கண்ணில் படாமல் மறைவாக நிறுத்தி அளக்கலாம் என்று வந்தால், வாசலுக்கு எதிரேயே நின்றுவிட்டது. இன்றும் ஒன்றும் அகப்படாவிட்டால் கோப்பை மூடிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

அதிகாரி வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். கருவியின் திரை இருண்டு கிடந்தது.

பதறிப்போய் இறங்கினால், டிரைவர் காவலாளியின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மெஷினும் அவுட்டு மாப்ளே! இனிமே இது வெறும் தகர டப்பா."

"அதான் உங்க சார் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குதா?"

அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷினைக் கெடுத்ததே இவன்தான்.

"நன்றி கெட்டவனே! சம்பளம் இங்கே, விசுவாசம் அங்கேயா? அந்தப் பிள்ளைங்க முகத்துல எப்படிய்யா முழிப்பே? உன் வேலை இன்னியோட போச்சு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. டிரைவர் தலையைச் சொறிந்தார்.

அதிகாரி பஸ் பிடித்து அலுவலகம் போனார். டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி இரண்டு பக்கம் எழுதினார். கையெழுத்துப் போடும்போது ஒரு சின்ன உறுத்தல்: இவன்தான் கெடுத்தான் என்று நான் கண்ணால் பார்த்தேனா? பார்க்க வேறு வேண்டுமாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்திட்டார்.

மாலை ஐந்து மணிக்கு அதே வண்டியை ஓட்டிக்கொண்டு டிரைவர் வந்து சேர்ந்தார்.

"சார், பதிவானதைக் கொஞ்சம் பாருங்க."

கணினியில் கோடு பதினொரு மணி வரை தரையோடு கிடந்தது. பதினொன்றரைக்குத் தலை தூக்கியது. பன்னிரண்டுக்குச் செங்குத்தாக ஏறியது. அனுமதித்த அளவைப் போல நாற்பது மடங்கு! மூன்று மணி நேரம் இறங்கவே இல்லை.

"மாட்டிக்கிட்டானுங்கய்யா!" அதிகாரி போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். கோட்டைப் பார்த்ததும் ஒரே கைதட்டல்.

"மெஷின் அவுட்டுன்னியேய்யா?"

"வண்டிக்கும் ஒண்ணுமில்லை, மெஷினுக்கும் ஒண்ணுமில்லை. திரையை மட்டும்தான் சார் அணைச்சேன். உள்ளே அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மேஜையில் கிடந்த இரண்டு பக்கத்தையும் அதிகாரியின் கை தானாகப் போய் மூடிக்கொண்டது.

"உங்களுக்குப் பொய்க் கோபம் வராது சார்" என்றார் டிரைவர். "நீங்க நிஜமா திட்டினதைப் பார்த்துத்தான் அவங்க தைரியமா உலையை மூட்டினாங்க."